ராஜினாமா எழுதிக் கொடுக்கும் முன்



எரியோட்டிலும் வேடசந்தூரிலும் சம்பந்தம் பேசும் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "மாப்பிள்ளை என்ன செய்றார்?" "சென்னையில கம்பெனியில இருக்கார்." அத்தோடு கேள்வி முடிந்துவிடும். எந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறதா அல்லது நடுவில் ஒரு கன்சல்டன்சி இருக்கிறதா, நிரந்தர வேலையா, ஆறு மாதக் கான்ட்ராக்டா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் போதும், பிள்ளை கரையேறிவிட்டான் என்று நம்பிவிடுகிறோம்.

அந்த நம்பிக்கை 2020இல் நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து உடைந்தது. பெருந்தொற்று முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. முகக்கவசத்தை மறந்ததுபோல் அந்தப் பாடத்தையும் மறந்துகொண்டிருக்கிறோம். படித்து முடித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கு அப்போது என்ன நடந்தது, எங்கே ஏமாந்தார்கள், எது காப்பாற்றியிருக்கும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் போனதும் கடைசியில் போனதும்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது முதலில் அடிபட்டவர்கள் அன்றாடக் கூலிகள். தள்ளுவண்டி, கொத்தனார், லோடுமேன், மில் வேலைக்குப் போன பெண்கள். சங்கங்களும் ஜமாஅத்துகளும் அரிசி, பருப்பு என்று ஓடியது அவர்களுக்காகத்தான். அது சரியான செயல். மாதச் சம்பளக்காரர் வீட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கென்ன, வீட்டிலிருந்தே வேலை, மாதம் பிறந்தால் சம்பளம் என்று நினைத்தோம்.

இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் தொடர்ந்து வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பு வேறு கதை சொன்னது. ஏப்ரல் மாதத்தில் மட்டும் நாட்டில் சுமார் 12 கோடிப் பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடத் தொழில் செய்பவர்கள். ஊரடங்கு தளர்ந்ததும் அவர்கள் மெல்ல மெல்லத் தொழிலுக்குத் திரும்பினார்கள். மாதச் சம்பளக்காரர்கள் கதை அப்படிப் போகவில்லை. ஏப்ரல் முதல் ஜூலை வரை சுமார் 1 கோடியே 89 லட்சம் சம்பள வேலைகள் போயின. கடைகள் திறந்தபின் ஜூலையிலும் 50 லட்சம் போயின. பொறியாளர், ஆசிரியர், கணக்காளர் போன்ற படித்த தொழில் வகையில், 2019 மே முதல் ஆகஸ்ட் வரை வேலையில் இருந்தவர்கள் சுமார் 1 கோடியே 88 லட்சம். மறு ஆண்டு அதே மாதங்களில் 1 கோடியே 22 லட்சம். இடைவெளி 66 லட்சம் பேர்.

தள்ளுவண்டிக்காரருக்கு ஊரடங்கு முடிந்தால் அதே தெரு, அதே வண்டி. சம்பளக்காரருக்கோ அவர் உட்கார்ந்த நாற்காலியே எடுக்கப்பட்டிருக்கும். அது யார் கையிலோ இருக்கிறது என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

நம் பக்கத்துக்கு இது பல வடிவில் வந்தது. சென்னை பழைய மாமல்லபுரம் சாலையிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகள் லேப்டாப்போடு ஊர் திரும்பினார்கள். ஓலா 1,400 பேரையும் ஸ்விக்கி 1,100 பேரையும் 2020 மே மாதத்தில் குறைத்தன. அவை பெரிய பெயர்கள், அதனால் செய்தியில் வந்தன. 30 பேர் உள்ள சிறு மென்பொருள் நிறுவனத்தில் 12 பேரை அனுப்பினால் எந்தப் பத்திரிகையும் எழுதாது. கரூர் ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக, கணக்குப் பிரிவில் இருந்த பி.காம். பிள்ளைகள், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகள் மூடியதும் ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்தார்கள். கல்லூரியிலேயே தேர்வாகி ஆஃபர் லெட்டர் வாங்கியவர்கள், சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் பெண்பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பி.எட். படித்துத் தனியார் பள்ளியில் சேர்ந்தவர்கள், எம்.இ. முடித்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். 2020 மார்ச் நடுவில் மூடிய பள்ளிகள் 2021 ஜனவரி 19 அன்றுதான், அதுவும் 10, 12ஆம் வகுப்புகளுக்கு மட்டும் திறந்தன. கட்டணம் வரவில்லை என்று பள்ளிகள் சொன்னன. சென்னை உயர்நீதிமன்றம் 2020 ஜூலை 17 அன்று, முதலில் 40 சதவீதக் கட்டணம் வாங்கிக்கொள்ள அனுமதித்தது. அதன்பிறகும் பல இடங்களில் ஆசிரியர் சம்பளம் பாதி, கால்வாசி, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், யாரையும் நீக்காதீர்கள் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2020 ஏப்ரலிலேயே கல்லூரிகளுக்கு எழுதியது. கடிதம் போனது, சம்பளம் வந்து சேரவில்லை. "பொம்பளப் பிள்ளை சம்பளம்தானே, குடும்பம் அதை நம்பியா இருக்கு" என்று நம்மில் சிலரும் பேசினோம். அந்தச் சம்பளத்தில் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் இருந்தது வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அரசாணை இருந்தது, பிடிமானம் இல்லை

"சம்பளத்தைப் பிடிக்கக்கூடாதுன்னு மோடி சொல்லிட்டாருல்ல" என்று அன்று பலர் தைரியமாக இருந்தார்கள். நடந்ததை வரிசையாகச் சொன்னால் புரியும். ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 29 அன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ், ஊரடங்கில் நிறுவனம் மூடிக் கிடந்தாலும் பிடித்தமில்லாமல் உரிய தேதியில் சம்பளம் தர வேண்டும் என்று ஆணையிட்டது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே 17 அன்று வந்த புதிய ஆணையில் அந்தச் சம்பள ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. அது உயிரோடு இருந்தது சுமார் 50 நாள். அந்த 50 நாள் சம்பளத்துக்கும், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், முதலாளிமீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கம் உள்ள ஆலையில் பேசலாம். திண்டுக்கல்லில் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளை யாரோடு பேசுவது?

'நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்'

நடந்ததில் மிகப் பெரிய இழப்பு எது என்று கேட்டால், வேலை போனதைச் சொல்லமாட்டேன். வேலை போன விதத்தைச் சொல்வேன்.

பெரும்பாலான பிள்ளைகள் நீக்கப்படவில்லை. ராஜினாமா செய்தார்கள், அதாவது செய்ய வைக்கப்பட்டார்கள். ஒரு நாள் மாலை எச்.ஆரிடமிருந்து வீடியோ அழைப்பு வரும். அன்பாகத்தான் பேசுவார்கள். "நிலைமை உங்களுக்கே தெரியும். நாங்கள் நீக்கினால் அது உங்கள் பதிவில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் எல்லாம் நல்லபடியாகத் தருவோம். இன்றே முடித்துவிடுவோம்." 24 வயதுப் பிள்ளைக்கு இது பெரிய உதவி மாதிரித் தெரியும். அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவான். அதோடு அலுவலக மின்னஞ்சல் மூடப்படும், லேப்டாப்பும் பூட்டிக்கொள்ளும்.

அந்த இரண்டு வரி மின்னஞ்சலின் விலையைப் பாருங்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு என்று அனுப்பினால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், இரண்டும் தர வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவதுதான் முறை. வேறு ஆளை அனுப்பினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. நிறுவனம் தரவேண்டியதைப் பிள்ளையின் கையெழுத்தாலேயே ரத்து செய்துகொள்கிறார்கள்.

"ஐ.டி. கம்பெனிக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது" என்று பிள்ளைகளே சொல்வார்கள். இது தவறு. 2016இல் தமிழ்நாடு அரசே, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கச் சட்டமும் தொழில் தகராறு சட்டமும் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தெளிவுபடுத்தியிருக்கிறது. அதற்கு முன்பே, 2015 ஜனவரியில், ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் அனுப்பிய கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அவர் நீதிமன்றம் போக முடிந்ததற்கு முதல் காரணம், அவர் கையில் ராஜினாமா இல்லை.

ஆனால் எல்லாருக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மேலாளர் வேலை பார்ப்பவர் இந்தச் சட்டத்தில் வரமாட்டார். இங்கேதான் ஒரு வேடிக்கை. நாலு வருடம் வேலை பார்த்த பிள்ளைக்கு 'அசிஸ்டன்ட் மேனேஜர்' என்று பட்டம் கொடுத்துவிடுகிறார்கள், வீட்டிலும் பிரியாணி போடுகிறோம். நீதிமன்றம் பட்டத்தைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைத்தான் பார்க்கும். அவருக்குக் கீழே ஆள் இருக்கிறதா, லீவு கொடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று கேட்கும். ஆகவே பட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

ஆசிரியர்கள் நிலை இன்னும் கடினம். ஆசிரியர் அந்தச் சட்டப்படி 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே, கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில், தீர்ப்பளித்துவிட்டது. அவர்கள் தனியார் பள்ளி, கல்லூரிகளுக்கான தனிச் சட்டங்கள் வழியாகத்தான் போக வேண்டும். பணிக்கொடை மட்டும் உண்டு. ஐந்தாண்டு முடித்த தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை சேரும் என்ற சட்டத்திருத்தத்தை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் சகோதரிகளில் எத்தனை பேர் பத்து வருடம் பாடம் நடத்திவிட்டு, கல்யாணமானதும் ஒரு சால்வையோடு வெளியே வந்திருக்கிறார்கள்! சேரும்போது அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் சில கல்லூரிகளில் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக் குழு கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வாருங்கள்.

அந்த அழைப்பு வந்தால்

அன்றே எதையும் அனுப்பக் கூடாது. "வீட்டில் அத்தாவிடம் பேசிவிட்டு இரண்டு நாளில் சொல்கிறேன்" என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. பேசியதை எழுத்தில் கேட்கவும். எழுத்தில் தர மறுத்தால் நீங்களே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இன்று இத்தனை மணிக்கு அழைத்து ராஜினாமா கேட்டீர்கள், நான் தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன் என்று. அதன் நகல் உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும். மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால் அன்றைக்கே, ஒரு வாரம் கழித்து அல்ல, கட்டாயத்தில் எழுதியது என்று பதில் அனுப்புங்கள். பிறகு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. தனிநபர் பணிநீக்கத்துக்குச் சங்கம் இல்லாமல் ஒருவரே மனு கொடுக்கலாம். 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயம் போகலாம். காலக்கெடு உண்டு என்பதால் அடுத்த வேலை கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. வழக்குச் செலவுக்குப் பயந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். தொலைபேசி எண் 15100.

எல்லாரும் வழக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் உள்ள சிறு நிறுவனம் நிஜமாகவே நொடித்துப்போயிருந்தால், இரண்டு வருடம் அலைந்து கிடைப்பது ஒன்றுமிருக்காது. அங்கே பேசி வாங்குவதே புத்தி. மூன்று மாதச் சம்பளம், பாக்கி விடுப்புப் பணம், நல்ல சான்றிதழ் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடலாம். பேரம் பேசத் தெரியாத ஊரா நம் ஊர்? ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு மூட்டை முருங்கைக்காய்க்குப் பேசுகிற அளவாவது, நாலு வருட உழைப்புக்குப் பேச வேண்டாமா?

எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல

குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள். அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. சிறியதோ பெரியதோ, தவணையோடு எழுதுவதில் சடைவடையக் கூடாது என்பது அதன் கருத்து. கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தால் பத்திரம் எழுதும் நாம், பிள்ளை தன் உழைப்பை விற்கும் பத்திரத்தை மட்டும் படிப்பதே இல்லை.

நியமனக் கடிதத்தில் நான்கு இடத்தைப் பார்த்தால் போதும். கடிதத்தின் மேலே யார் பெயர் இருக்கிறது? போய் வேலை செய்யும் கம்பெனியா, ஆள் அனுப்பும் கன்சல்டன்சியா? இரண்டாவது என்றால் உங்கள் முதலாளி அந்த கன்சல்டன்சிதான். 2020இல் முதலில் கழற்றப்பட்டவர்கள் இவர்களே. அடுத்து, முடியும் தேதி ஏதும் இருக்கிறதா? நோட்டீஸ் பீரியட் இரு பக்கமும் சமமா, நமக்கு மூன்று மாதம், அவர்களுக்கு ஒரு வாரமா? கடைசியாக, பாதியில் போனால் பணம் கட்ட வேண்டும் என்று பாண்ட் இருக்கிறதா?

பிறகு சேமநல நிதி. பேஸ்லிப்பில் பிடித்தம் காட்டினால் அது கட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. பிடித்துவிட்டுக் கட்டாத ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். யு.ஏ.என். எண்ணை வைத்து உமங் செயலியில் பாஸ்புக்கை மாதம் ஒரு தடவை பார்ப்பது, மொபைலில் ரீசார்ஜ் பார்ப்பதைவிடச் சிரமமில்லை. கட்டவில்லை என்றால் மதுரையிலுள்ள மண்டல அலுவலகத்துக்கு எழுதலாம், இணையத்திலும் புகார் உண்டு. இதில் பெயர் இருப்பதில் இன்னொரு பயன், வேலையில் இருக்கும்போது ஊழியர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகை. இரண்டாம் அலையில் பிள்ளையைப் பறிகொடுத்த பல வீடுகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் நாமினி பெயர் போடாமல் அலைந்தவர்கள் உண்டு.

கொரோனாவுக்காக 2020 மார்ச் 28 அன்று இந்த நிதியிலிருந்து சிறப்பு முன்பணம் அனுமதித்தார்கள். மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது இருப்பில் 75 சதவீதம், எது குறைவோ அது. திருப்பிக் கட்ட வேண்டாம். நிவாரணம் என்று பேசப்பட்டாலும், அது அவரவர் சொந்தப் பணம். வயதான காலத்துச் சோற்றை எடுத்து வாலிபத்தில் சாப்பிட்டதுதான். வேறு வழியில்லாதபோது எடுத்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைவிட நல்ல ஒன்று இருந்ததைப் பலர் தவறவிட்டார்கள்.

அதுதான் இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இதில் வருவார்கள். புதிதாகச் சேரும் பி.பி.ஓ. ஊழியர், லேப் டெக்னீஷியன், அக்கவுண்ட்ஸ் உதவியாளர் பலர் இந்தக் கணக்குதான். இ.எஸ்.ஐ. என்றால் மருந்து வாங்கும் இடம் என்றே நினைக்கிறோம். வேலை இழந்தவருக்கு அது பணமும் தரும். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று 2018 ஜூலையிலிருந்து ஒரு திட்டம். முதலில் சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம்தான். 2020 மார்ச் 24 முதல் அதை 50 சதவீதமாக உயர்த்தி, 90 நாள் வரை கொடுத்தார்கள். வேலை போன 30ஆம் நாளிலேயே மனுச் செய்யலாம், முதலாளி கையெழுத்தும் தேவையில்லை என்று தளர்த்தினார்கள். 16,000 ரூபாய் வாங்கிய பிள்ளைக்கு மூன்று மாதம் எட்டாயிரம் வீதம் என்றால், கிராமத்தில் ஒரு குடும்பம் கடன் இல்லாமல் தாண்டிவிடும். நம் பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை. தெரிந்து சொல்ல நாமும் இல்லை.

துபாய், ஷார்ஜாவில் இருப்பவர்களுக்கு

ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்த நம் பிள்ளைகளில் பலர் 2020 மே மாதத்திலிருந்து வந்தே பாரத் விமானங்களில் திரும்பினார்கள். வேலை போனால் விசாவும் போகும் நாட்டில், கையில் ஒன்றுமில்லாமல் வந்தார்கள். அதன்பின் அங்கே ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறை ஊழியர்கள் வேலையிழப்புக் காப்பீட்டில் சேருவது கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹத்துக்குள் இருந்தால் மாதம் 5 திர்ஹம்தான். பதியாவிட்டால் 400 திர்ஹம் அபராதம். 12 மாதம் கட்டியபின் வேலை போனால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். 30 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கவனியுங்கள், அங்கேயும் இதே கதைதான்: தானாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது.

வீட்டுக்குள் நடந்தது

முதல் சம்பளம் வந்த மாதமே பைக், போன், அக்காள் கல்யாணத்துக்குத் தனிநபர் கடன் என்று தவணைகள் ஏறிவிடுகின்றன. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணைகளைத் தள்ளிவைக்க மூன்று மாதம் அனுமதித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தள்ளுபடி என்று பலர் புரிந்துகொண்டார்கள். அது தள்ளிவைப்புதான், வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் செப்டம்பரில் வந்த பில்லைப் பார்த்துத் திகைத்தார்கள். வட்டியைப் பற்றி மார்க்கம் சொல்வதை நான் இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நிலையில்லாத சம்பளத்தின்மேல் நிலையான தவணையைக் கட்டுவது கணக்குப்படியும் தவறு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நாலு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கும்வரை எந்தத் தவணையும் வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்ல வேண்டும். பைக் கேட்பவன் பிள்ளை என்றாலும், கல்யாணத்துக்குக் கடன் வாங்கச் சொல்பவர்கள் நாம்தானே.

அந்த நாட்களில் வேலை போனபிறகும் காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்து, வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் உண்டு. அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவாள், ஊருக்குத் தெரிந்தால் சம்பந்தம் தள்ளிப்போகும். அல்பகறாவின் 273ஆம் வசனம், கேட்காமல் கௌரவத்தோடு ஒதுங்கியிருப்பதால் அறியாதவர் கண்ணுக்குச் செல்வந்தராகத் தெரியும் ஏழைகளைச் சுட்டிக்காட்டுகிறது. நாம் அந்த அறியாதவர்களாக இருந்தோமா என்று ஜமாஅத் நிர்வாகிகள் யோசிக்க வேண்டும். பைத்துல்மால் பட்டியலில் இப்படிப்பட்ட வீடு ஒன்றாவது இருந்ததா?

"சொந்த வீடு இருக்கு, வண்டி இருக்கு, அவருக்கு எப்படி ஜகாத்?" என்று கேட்பவர்களுக்கு: குடியிருக்கும் வீடும் தேவைக்கான வண்டியும் அந்தக் கணக்கில் சேராது என்பது நம் ஹனஃபி நூல்களில் தெளிவாக உள்ள சட்டம். கடனில் மூழ்கியவர் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் ஒருவர். இது ஜகாத் என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, கொடுப்பவரின் நிய்யத் போதும். தனிப்பட்ட விவரங்களை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜகாத் தேவைப்படாதவருக்கு வட்டியில்லாத அழகிய கடன் போதும். மனுவைப் பத்துப் பேர் உட்கார்ந்து படிக்கும் கூட்டத்தில் வைக்காமல், நம்பிக்கையான ஒருவர் மட்டும் பார்த்து முடிவு செய்யும் ஏற்பாடு இருந்தால்தான் இந்தப் பிள்ளைகள் கதவைத் தட்டுவார்கள்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

கொரோனா போனபின் ஆட்குறைப்பு நிற்கவில்லை. 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தது. அத்தனை பெரிய நிறுவனத்தில் அப்படி என்றால் மற்றவை எம்மாத்திரம்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. தொழிற்சங்கங்கள் அவற்றைக் கடுமையாக எதிர்க்கின்றன. ஆட்குறைப்பு, ஆலை மூடல் இவற்றுக்கு அரசு அனுமதி வேண்டும் என்ற வரம்பை 100 பேரிலிருந்து 300 பேருக்கு உயர்த்தியது அவர்கள் கோபத்துக்கு முக்கியக் காரணம், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நம் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டிய மூன்று விஷயங்கள் அவற்றில் உண்டு. நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். குறித்த காலத்துக்கு என்று வேலைக்கு வைக்கப்பட்டவருக்கு ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை. மூன்றாவது, நீக்கப்பட்டாலும் ராஜினாமா செய்தாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். 45 நாள் ஆகும், 60 நாள் ஆகும் என்று எச்.ஆர். சொல்வது பழைய பழக்கம்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை அடுத்த விடுமுறைக்கு வரும்போது, நியமனக் கடிதத்தையும் கடைசி மூன்று பேஸ்லிப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கடிதமே இல்லை என்றால், தேதி போட்டு மின்னஞ்சலில் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். சகோதரிகள் வேலை பார்க்கும் பள்ளியிலும் கேட்கட்டும்.